வெளியே தெரியும் எண்

அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் களைந்து ஊறப்போட்டாயிற்று, இனி வெங்காயம் உரிக்க வேண்டும், சின்ன வெங்காயம்தான், பெரிய வெங்காயம் போட்டால் குழந்தைவேலுக்கு ஆகாது, அரை டவுசர் போட்ட நாளில் இருந்தே அப்படி. இப்போது போர்வெல் வண்டிகளுக்கு முதலாளி, மீசையில் நரை விழுந்துவிட்டது, ஆனால் அக்கா வீட்டுக்கு வந்தால் இன்னும் அதே குரலில்தான் கேட்கிறான். "அரிசிம்பருப்பு ஆக்கி வெச்சிருக்கா. அந்தக் கேமராக்காரனைக் கூட்டிட்டு மத்தியானம் வந்தர்றேன், ரெண்டு பேருஞ் சாப்பிடறாப்ல ஆக்கு. போனை மட்டும் எங்கியாச்சும் போட்டுத் தொலச்சுப்போடாத." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "நெய்யி இருக்குதா, வாங்கிட்டு வரட்டுமா?" என்று வேறு கேட்டான். என் மகள் எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கக் கிளம்புகிறவன் நெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறான். நானும் இருக்கிறது என்று தலையை ஆட்டினேன், வெட்கங்கெட்டவள். போன் அதோ மேடைமேல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவன் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை மனசுக்குள்கூட இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை, அடுத்த வெங்காயத்தை எடுக்கிறேன். வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்பதற்கு இந்த வீட்டில் ஆளும் இல்லை.

காலையில் அவன் வந்தது வேறு காரியமாக. வடக்குத் தோட்டத்துப் பட்டா நகல் எங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கிறது, அதை எடுத்துக்கொடு என்று வந்தான். வீட்டுக் கணக்கு என்றால் பாங்குக் கணக்கு இல்லை, மகள் மிதுனா பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆரம்பித்துக் கொடுத்த மெயில் கணக்கு, குடும்பத்துக்கே அது ஒன்றுதான். சிலிண்டர் புக் பண்ண அது, கரண்ட் பில் கட்ட அது, என் போனில் எடுக்கிற படமெல்லாம் தானாக மேலே ஏறிப் போய்ச் சேர்வதும் அதில்தான். பாஸ்வேர்ட் என் வீட்டுக்காரர் பேரும் அவருடைய மொபெட் நம்பரும். அவர் போய்ச் சேர்ந்தார், மொபெட்டும் போயிற்று, பாஸ்வேர்ட் மட்டும் அப்படியே இருந்தது, சொந்தபந்தத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். சாவியை நிலைமேல் வைத்துவிட்டுப் போகிற வீடு எங்கள் வீடு, எல்லாம் நம் ஆட்கள்தானே என்கிற தைரியம். மிதுனா வீட்டை விட்டுப் போன பிறகும் மாற்றவில்லை. மாற்றாதது மறதி இல்லை. சரி, குழந்தைவேலு என் போனை வாங்கிப் பட்டாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அது வந்துவிட்டது. புதிய போனில் இருந்து உங்கள் கணக்கில் யாரோ நுழைந்திருக்கிறார்கள், மைசூர், நீங்கள்தானா, என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் நான்தான் அமுக்குவேன், ஆமாம், நான்தான் என்று. என் மகளுக்காக நான்தான் என்று சொல்வதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்றைக்குப் பார்த்து அது அவன் கையில் இருந்தது. "இதாருக்கா? மைசூருங்குது." என்ன சொல்வது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், "யாராச்சும் திருட்டுப் பசங்களா இருக்கும், அப்பப்ப வரும், குடு, இல்லைன்னு அமுக்கிப்போடறேன்." அவன் போனைக் கொடுக்கவில்லை. "அப்பப்ப வருமா?" என்றான். அப்பப்ப என்ற சொல்லை எவன் என் வாயில் வைத்தானோ. திருடன் வந்தால் ஊரைக் கூட்டுகிற இந்தக் கோகிலாமணி, அப்பப்ப வருகிற திருடனுக்குப் பேசாமல் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் அந்தத் திருடன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான், முடிந்தது.

பிறகு என் முன்னாலேயே போனில் பேசினான், ஸ்பீக்கரில் போட்டு, ஒளிவு மறைவு இல்லாமல். அவன் வீட்டுக்குக் கேமரா மாட்டிக் கொடுத்த ஆள். "அண்ணா, அந்த ஐபி நம்பரை வெச்சு நமக்கு ஊரும் கம்பெனியுந்தானுங் தெரியும். எந்த வீட்டு லைனுன்னு கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும், அவங்க லேசுல சொல்ல மாட்டாங்க." "கம்பெனிக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கறான். நீ நம்பரை மட்டும் எடுத்துக் குடு" என்றான் தம்பி. "அப்பன்னா சரிங்ணா. பாஸ்வேர்ட் இருந்தாலும் அந்தக்கா போன்ல சம்மதம் கேக்கும், போன் கையில வேணும். மண்டபத்துல கேமரா மாட்டிட்டிருக்கறன், மத்தியானம் வந்தர்றனுங்." எதற்கு என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. கேட்க மாட்டார்கள், குழந்தைவேலண்ணன் கேட்டால் செய்து கொடுப்பார்கள். என் போனைத் தம்பி என் கையில் திரும்பக் கொடுத்தான், பத்திரமாக. பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அக்கா தன்னை ஏமாற்றுவாள் என்று நினைக்க அவனுக்குத் தெரியாது. அம்மா படுத்த படுக்கையானபோது அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குடத்தை இன்னொரு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். கிளம்பும்போது சொன்னான், "நா என்னக்கா பண்ணிப்போடப் போறேன்? கண்ணுல ஒருக்காப் பாத்தாப் போதும்." சொல்லும்போது அவன் கண் கலங்கித்தான் இருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை அது. நிஜமாகவே அழுவான், அழுதுகொண்டே செய்வான், அதுதான் என் பயம்.

குக்கரைக் கழுவினேனா, கழுவினேன். எண்ணெய் காயட்டும். முதல் நட்சத்திரம் வந்தது கரண்ட் மீட்டர் படத்துக்கு. ரீடிங் எடுக்கிறவர் வராத மாதம், படம் எடுத்து வையுங்கள் என்று ஆபீசில் சொன்னார்கள், எடுத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் அந்தப் படத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம், பிடித்த படம் என்று குறி. நான் வைக்கவில்லை. கரண்ட் மீட்டரைப் போய் யாருக்காவது பிடிக்குமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அதே படத்தில் மீட்டர் பெட்டிக்குக் கீழே பார்த்தேன், கொடியில் என் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது, அதன் முந்தானை ஓரம் கொஞ்சம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போனபோது போனை விட்டுவிட்டுப் போனாள், சிம்மை உடைத்துப் போட்டுவிட்டுப் போனாள், தோழிகளுக்குக்கூட நம்பர் கொடுக்கவில்லை, கெட்டிக்காரி, ஒரு நூலையும் மிச்சம் வைக்கவில்லை என்றுதான் ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். ஒரே ஒரு நூலை வைத்திருந்திருக்கிறாள். யாருக்கும் எதுவும் அனுப்பாமல், யாரோடும் பேசாமல், தன் வீட்டுக் கணக்குக்குள் தானே வந்து அம்மா எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற வழி. அதன் பிறகு நான் படம் எடுக்க ஆரம்பித்தேன் பாருங்கள், கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் தோற்றுப்போவார். கொள்ளுப் பருப்பு கடைந்தால் படம், முருங்கை பூத்தால் படம், பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் மதில்மேல் தூங்கினால் படம், என் கால் வீங்கினால் அதுவும் படம், அதை அழித்துவிட்டேன், கவலைப்படுவாள். என்னையே எடுத்துக்கொள்ளத் தெரியாமல் பாதி நெற்றியும் மின்விசிறியுமாக எடுத்தவற்றுக்கெல்லாம் வரிசையாக நட்சத்திரம். பேசவில்லை, எழுதவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று இரண்டு பேருக்குமே பயம். எழுதவில்லை, அனுப்பவில்லை, அதனால் எதுவும் பதியாது என்று நினைத்தேன். வந்து பார்ப்பதே பதியும் என்பது எனக்குத்தான் மறந்துபோயிற்று, அவளுக்குத் தெரியும்.

அவளுக்குத் தெரியும், அவள்தான் எனக்கே சொல்லிக்கொடுத்தவள். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இதே அடுப்படியில் நின்றுகொண்டு, "வீட்டுக்குள்ள நம்ம ரெண்டு பேரு போனும் டிவியும் என்ன ஆட்டம் ஆடுனாலும் வெளிய தெரியறது ஒரே நம்பர்தாம்மா. தெருவுல பாக்கறவனுக்கு வீட்டுக் கதவு நம்பர் ஒண்ணுதான தெரியும், உள்ள எத்தனை ரூம்னு தெரியாதுல்ல, அப்பிடி. லைன் குடுக்கற கம்பெனி அந்த நம்பரைக் குடுக்கும். நீ எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அந்த நம்பர் அங்க பதிஞ்சிரும்" என்றாள். அப்படியானால் யார் வேண்டுமானாலும் நம் வீட்டுக்கு வந்துவிடலாமா என்று பயந்துபோய்க் கேட்டேன், அதற்குச் சிரித்தாள். "வர முடியாதும்மா. நம்பரைப் பாத்தா கம்பெனி தெரியும், ஊரு குத்துமதிப்பாத் தெரியும், அதுவும் பல தடவை தப்பாக் காட்டும். நம்ம வீட்டையே சென்னைன்னு காட்டுது பாரு." இந்த ஒரு வார்த்தையைத்தான் காலையில் இருந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். எங்கள் வீட்டைச் சென்னை என்று காட்டுகிற எண்தானே, அப்படியானால் மைசூரும் பொய்யாக இருக்கலாம், அவள் மைசூரில் இல்லாமல் இருக்கலாம். கொஞ்ச நேரம் மூச்சு வருகிறது. உடனே அடுத்த நினைப்பு வந்து அதை அமுக்குகிறது, ஊர் தப்பாக இருந்தால் என்ன, எண் தப்பு இல்லையே, அந்த நேரத்தில் அந்த எண்ணை எந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தோம் என்று கம்பெனிக்காரன் பார்த்தால் தெரியுமே, உள்ளே நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறானே. முகம் தெரியாத அந்த ஆளை நினைக்கிறேன். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மறந்துவிடுவான்.

முதலில் எல்லாம் அவள் மறைத்துத்தான் வந்தாள். அந்தப் பெட்டியில் நெதர்லாந்து என்று வந்தது. நான் ஒரு முட்டாள், வெளிநாட்டுக்கே போய்விட்டாள் என்று நினைத்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன், அங்கே குளிருமே, ஸ்வெட்டர் இருக்கிறதோ என்னமோ என்று கவலைப்பட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, எண்ணை மறைத்து வேறு ஊர் எண்ணைக் காட்டுகிற ஆப் இருக்கிறது என்று அவள் சொன்னது. அது போட்டால் எல்லாம் மெதுவாகும் என்றும் சொன்னாள், படம் திறக்க நேரம் ஆகும். அதுதான் நடந்திருக்கும். ஒரு நாள் என் முகம் திறக்கச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும், பொறுக்காமல் அந்த மறைப்பை எடுத்துவிட்டு வந்து பார்த்திருப்பாள், ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் அப்படியே. ஆபத்து உடனே வராவிட்டால் அது இல்லை என்றே மனுஷருக்கு ஆகிவிடுகிறது. தாளித்த கடுகு கருகப் பார்க்கிறது, அடுப்பைக் குறைக்க வேண்டும். வெங்காயம், தக்காளி, வரமிளகாய், மஞ்சள்தூள். இவ்வளவு பயத்திலும் கை தப்பு செய்வதில்லை, கைக்கு என்ன தெரியும்.

தம்பி அப்படிச் செய்ய மாட்டான் என்றும் ஒரு பக்கம் மனசு சொல்கிறது. என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றைக்கு அவன் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நின்றிருப்போம். மிதுனா கல்லூரிக்குப் போனதே அவனால். தேர்த் திருவிழாவில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "மாமன் இருக்கறேன், ஏறிக்க கண்ணு" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனவன். அவள் ஜெயசீலனோடு போனாள் என்று தெரிந்த அன்றைக்கு அதே மாமன்தான் பஸ் நிலையத்தில் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினான். கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போன ஊதாச் சேலையில் சிரிக்கிற படம், அதன்மேல் மாலை. அந்தப் பையன் எந்த ஆட்கள், நாம் எந்த ஆட்கள் என்று அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறந்து பேசவில்லை, பேச வேண்டியதே இல்லை, பேனர் பேசிவிட்டது. கருமாதி செய்தார்கள், ஐயர் வந்தார், ஈரத் துணியோடு என்னை உட்கார வைத்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது நான் வாய்க்குள் ஆயுசு நூறு, ஆயுசு நூறு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், ஐயருக்குக் கேட்டிருக்கும், கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது என்று சொன்னால் நம்புவார்களா. செத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள், இனித் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். காலையில் அவர்கள் ஐபி நம்பர் என்று பேசியதோடு அந்த நிம்மதியும் போயிற்று. கருமாதி செய்து முடித்தவளுக்கு இப்போது விலாசம் எதற்கு? கண்ணால் பார்த்தால் போதும் என்கிறவன், அக்கா, வா, சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட மாட்டானா? கூப்பிடவில்லை. கொன்றுவிடுவான். சொல்லிவிட்டேன், மனசுக்குள் சொல்லிவிட்டேன். என் தம்பி என் மகளைக் கொன்றுவிடுவான்.

போனைத் தண்ணீருக்குள் போட்டுவிடலாமா. போட்டால் சிம்மை எடுத்து வேறு போனில் போடுவார்கள், பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியும், கணக்கு எங்கேயும் போகாது. போலீசுக்குப் போகலாமா. போகலாம், போனால் என்னை நிற்கவைத்துவிட்டு அவனுக்கு நாற்காலி போட்டுவிட்டு, குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க என்பார்கள், பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா. எப்படிச் சொல்வது? நம்பர் கிடையாது, அம்மாவுக்குத் தெரிந்தால் அடித்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்கே கொடுக்கவில்லை, நல்லதுதான் செய்தாள். ஒரு காகிதத்தில் வராதே என்று எழுதிப் படம் எடுத்து வைக்கலாம். அதைப் பார்க்க அவள் வர வேண்டும். வந்தால் மறுபடி எண் பதியும். வராதே என்று சொல்வதற்கே அவளை வரவழைக்க வேண்டியிருக்கிறது, இப்படி ஒரு பொறியை எந்த எலிக்கும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அவள் போனை மட்டும் கணக்கில் இருந்து வெளியே தள்ளலாம், ஆனால் இதுவரை வந்து போனதெல்லாம் எண்ணும் நேரமுமாக உள்ளே வரிசையாக நிற்கிறது, அதைத் தனியாகத் துடைக்க எனக்கு வழி தெரியவில்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கணக்கையே அழிக்க வேண்டும். எண் கையில் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனிக்காரனிடம் எதைக் காட்டிக் கேட்பான்? இது எனக்குக் காலையிலேயே தெரியும். அவன் கார் தெருமுனை தாண்டும்போதே தெரியும். அதற்குப் பிறகும் வெங்காயம் உரித்துக்கொண்டும் கடுகு தாளித்துக்கொண்டும் நிற்கிறேன் என்றால், வேறு வழி இருக்காதா, இருக்காதா என்று வேண்டுமென்றே சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

குக்கரை மூடியாயிற்று. கை துடைத்துப் போனை எடுக்கிறேன். அழிப்பது என்றால் எல்லாமும் போகும். போனில் இடமில்லை என்று மிதுனாதான் படங்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு இங்கே அழித்துக் கொடுத்தாள், பழையது இங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. என் வீட்டுக்காரர் இருக்கிறார் அதில், பனியனோடு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற படம், படம் எடுக்காதே என்று கையை நீட்டுகிற படம். ஒரு வீடியோ இருக்கிறது, சின்ன மிதுனா சைக்கிள் ஓட்டுகிறாள், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் குழந்தைவேலு, விட்டுராதீங்க மாமா, விட்டுராதீங்க மாமா என்று கத்துகிறாள், விட மாட்டங்கண்ணு என்கிறான். அதைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். பிறகு குப்பைத்தொட்டி என்று ஒரு இடம் இருக்கிறதே, அழித்த படம் கொஞ்ச நாள் கிடக்கிற இடம், அங்கே போனேன். அதில் அவள் போட்ட ஒரே படம். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் வந்தது, நான் பார்த்துவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொண்டாளோ, மறுபடி பார்ப்பதற்குள் எடுத்துவிட்டாள். கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கேன் படம், நடுவில் அவரைக் கொட்டை மாதிரி ஒன்று. காகிதத்தின் மேலே ஸ்கேன் சென்டர் பெயர் இருக்கும் அல்லவா, அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எடுத்திருக்கிறாள். தேங்காய் துருவும்போது வெட்டிக்கொண்ட தழும்பு அந்த விரலில் இருக்கிறது. இவ்வளவு கவனமாக மறைக்கத் தெரிந்த பெண்தான் எண்ணை மறைக்காமல் வந்துவிட்டாள். இந்தப் படத்தை அவன் பார்த்தால் அவ்வளவுதான், நின்று யோசிக்கக்கூட மாட்டான். திரையில் அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பெரிதாக்கப் பெரிதாக்க விரல் விரலாக இல்லாமல் கட்டம் கட்டமாகப் போய்விட்டது. திருப்பிச் சின்னதாக்கினேன்.

முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், அழித்த கணக்கையும் கொஞ்ச நாளைக்குள் பாஸ்வேர்ட் தெரிந்தால் மீட்டுவிடலாம் என்று போட்டிருக்கிறது, என் தம்பிக்குப் பழையது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கண்டதையும் தட்டினேன், எனக்கே தெரியாத ஒன்றாக இருந்துவிட்டால் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதே என்று. இரண்டாவது தடவையும் அதையே தட்டச் சொல்கிறது. மெஷினுக்கு என்ன, அது சட்டம் பேசுகிறது. அப்படியானால் எனக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அவனுக்கு எந்தக் காலத்திலும் தோன்றாததாக இருக்க வேண்டும். விரல் தானாகவே போயிற்று. ஜெயசீலன் என்று தட்டினேன். இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர், நானே இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, அந்தப் பையன் என்பேன், அவன் என்பேன். எண்ணும் சேர்க்க வேண்டும் என்றது. ஒரே மாப்பிள்ளை, ஒன்று போட்டேன். மற்ற எல்லாப் போன்களும் இந்தக் கணக்கில் இருந்து வெளியேற்றப்படும் என்று வந்தது, சரியா என்று கேட்டது. சரி என்றேன். அந்த நொடியில் எங்கேயோ ஒரு வீட்டில் அவள் போன் அவளை வெளியே தள்ளியிருக்கும். மீட்பதற்குக் கொடுத்திருந்த என் நம்பரையும் எடுத்தேன். பிறகு அழி என்றேன். உங்கள் படங்கள் போய்விடும், கடிதங்கள் போய்விடும், தெரியுமா என்றது, தெரியும். உறுதியா என்றது, உறுதி. கடைசியாக ஒரு தடவை பாஸ்வேர்ட் கேட்டது, மாப்பிள்ளை பெயரை மறுபடி எழுதினேன். வட்டம் சுற்றியது, நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் இனி அவர் பனியனோடு உட்கார மாட்டார். குக்கர் கூவுகிறது, அடுப்பை நிறுத்த வேண்டும்.

கார் வந்துவிட்டது. அந்தக் கேமராக்காரரும் கூட வருகிறார், சின்ன வயசுதான், மரியாதையாகத் தலையைக் குனிந்து, "நல்லா இருக்கறீங்களாக்கா" என்கிறார். முதலில் சாப்பாடு என்றான் குழந்தைவேலு. இலை போட்டுப் பரிமாறினேன், குழி பண்ணி நெய் ஊற்றினேன், வாசனையை இழுத்துக்கொண்டு, "ஊருக்குள்ள எவ ஆக்குனாலும் இது வராதுக்கா" என்றான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துத்தான் இருக்கிறது எனக்கு, இப்போதும், அவன் சாப்பிடுவதைப் பார்க்க. கேமராக்காரர் சீக்கிரம் முடித்துக் கை கழுவிவிட்டுப் போனைக் கேட்டார், கொடுத்தேன். அமுக்கினார், திரும்ப அமுக்கினார். "அண்ணா, கணக்கு இல்லைங்."

"இல்லைன்னா?"

"அழிச்சிருக்காங்க. இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னால. திருப்பி எடுக்கப் பாஸ்வேர்ட் கேக்குது, நீங்க சொன்னது வேலை செய்யல. மாத்திருக்காங்கண்ணா."

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். "அக்கா?"

"நாந்தான் அழிச்சேன்."

"மாமா படமெல்லாம் அதுல இருந்துச்சேக்கா."

"ஆமா."

"பாஸ்வேர்ட் சொல்லு."

நெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன். அவன் உரக்கக்கூடச் சொல்லவில்லை, அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "என்னைய நம்பலையாக்கா நீ?" என்றான். இவனை இடுப்பில் தூக்கிய இடம் இன்னும் எனக்குத் தெரியும். "நம்பல சாமி" என்றேன். அவன் எழுந்து கை கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான், துண்டால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான். கேமராக்காரர் போனை மேடைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல், "வர்றனுங்க்கா" என்றார்.

மைசூரிலோ, மைசூர் இல்லாத வேறு எந்த ஊரிலோ மிதுனா இந்நேரம் போனை எடுத்துப் பார்த்திருப்பாள். பாஸ்வேர்ட் தவறு என்று வந்திருக்கும். தப்பாகத் தட்டிவிட்டோம் என்று அப்பா பேரையும் மொபெட் நம்பரையும் நிதானமாக மறுபடி தட்டியிருப்பாள். நாளைக்குப் பார்த்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வரும். ஏன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இனி வழியே கிடையாது. அம்மாவும் கடைசியில் மாமா பக்கம் சேர்ந்துகொண்டாள், அம்மாவும் நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைப்பாள். வேறு என்ன நினைக்க முடியும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அந்தப் பையன், இல்லை, ஜெயசீலன், பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுவார். குழந்தை பிறந்து பேசத் தெரிந்தபிறகு, உனக்கு ஒரு அம்மாயி இருந்தாள், கல்நெஞ்சுக்காரி, என்று அதற்கும் சொல்லிக்கொடுப்பாள். சொல்லட்டும். உயிரோடு இருந்து சொல்லட்டும்.